பஞ்சு பறக்கும் ஊரில் தடயம் தேடி

திருப்பூரில் ஒருவர் சட்டையில் வெள்ளைப் பஞ்சிழை ஒட்டியிருந்தால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் தோளில் அது இருக்கிறது. டீக்கடை பெஞ்சில், பேக்கரிக் கண்ணாடியில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தலையில்கூட இருக்கிறது. தடயவியல் ஆய்வகங்களின் அனுபவமும் இதேதான். வெள்ளைப் பருத்தி இழையையும் நீல டெனிம் இழையையும் அவர்கள் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உலகத்தில் பாதிப் பேர் அவற்றைத்தான் உடுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். அந்தப் பாதிப் பேருக்குப் பனியனும் டி-ஷர்ட்டும் தைத்து அனுப்புகிற ஊரில் தடயம் என்று எதைச் சொல்வது?

உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கின் தீர்ப்புகளைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த வழக்கு நடந்தது திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்றத்தில். பனியன் கம்பெனிச் சந்துகளில் தொடங்கி, பல்லடம், குடிமங்கலம் வழியாக உடுமலை வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ஒரு துணியிலிருந்து, ஒரு தரையிலிருந்து, ஒரு கேமராவிலிருந்து உண்மை எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே கை நழுவிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்மண்ட் லோகார் தன் காவல்துறை ஆய்வகத்தை 1910இல் பிரான்சின் லியோன் நகரத்தில், நீதிமன்றக் கட்டடத்தின் மாடி அறைகளில் தொடங்கினார். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் தங்கும் என்ற எண்ணத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். தறி ஊரிலிருந்து அந்த எண்ணம் வந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் நூலும் தூசும் மனிதர்கள்மேல் எப்படிப் படிகின்றன என்பதை அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஒரு சந்தில் நிட்டிங் யூனிட். வட்ட வட்டமான மிஷின்கள், மேலே வரிசையாக நூல் கோன்கள், கீழே குழாய்போல இறங்கிச் சுருண்டுகொள்ளும் துணி. காதர்பேட்டையில் வாங்கிய ஒரு டி-ஷர்ட்டை நிட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து, இதைப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் சட்டையை உள்பக்கம் திருப்பினார், குறுக்கே இழுத்துப் பார்த்தார், பிறகு பாக்கெட்டிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்துத் துணிமேல் வைத்துக் கண்ணைக் கொண்டுபோனார்.

“முப்பதாம் நம்பர் கோம்டு நூலுங்க. சிங்கிள் ஜெர்சி. நூத்தம்பது ஜிஎஸ்எம் வருமுங்க. கழுத்து ரிப் வேற மிஷின்ல ஓட்டுனது. தையல் ஓவர்லாக்கு, அடிமடிப்பு மட்டும் பேட்லாக்கு.”

கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தவர் முதுகுப் பக்கம் விரலை நிறுத்தினார். மேலிருந்து கீழாக மயிரிழைபோல ஒரு கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.

“இது நீடில் லைனுங்க. ஊசியோட கொக்கி தேஞ்சிருக்கும், இல்லீனா கொஞ்சம் வளைஞ்சிருக்கும். அந்த ஊசிய மாத்தற வரைக்கும் அந்த மிஷின்ல ஓடற துணி பூராவும் இந்தக் கோடு வருமுங்க. செக்கிங்ல தப்பிச்சிருக்குது. அதான் லோக்கலுக்கு வந்துட்டுது.”

அந்த இடத்தில் எனக்கு ஒரு கதவு திறந்தது. துப்பாக்கிக் குழலின் உட்புறக் கீறல்கள் தோட்டாவின்மேல் பதிவதை வைத்துத்தானே இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்கிறார்கள்? தேய்ந்த ஊசியும் அப்படித்தான் தன் குறையைத் துணியில் எழுதிவிடுகிறது. ஆனால் தோட்டா ஒன்று, சட்டை ஆயிரக்கணக்கில். நூல் நம்பரும் ஜிஎஸ்எம் என்கிற துணி எடையும் தையலும் ‘இப்படிப்பட்ட சட்டை’ என்பதுவரைதான் கொண்டுவந்து விடும். நீடில் லைன் வட்டத்தைச் சுருக்கும். உள்தையலில் இருக்கும் லேபிளின் ஸ்டைல் நம்பர் இன்னும் சுருக்கும். ‘இந்தச் சட்டைதான்’ என்று சொல்லக் கிழிசல் வேண்டும். சம்பவ இடத்தில் கிடந்த துண்டின் ஓரமும் சட்டையில் விட்டுப்போன ஓரமும் கண்ணிக்குக் கண்ணி பொருந்த வேண்டும். அதற்கும் பின்னலாடை இடைஞ்சல் செய்யும். வெட்டுப்பட்ட சிங்கிள் ஜெர்சியின் ஓரம் உடனே சுருண்டுகொள்ளும். கத்தி இறங்கும்போது துணி இழுபட்டு விரிந்து, பிறகு பழைய நிலைக்கு வரும். அதனால் துணியிலுள்ள ஓட்டையின் அளவை அப்படியே கத்தியின் அகலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே நூலில், அதே நெருக்கத்தில் பின்னிய வேறு துணியில் குத்திப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

துணியை வைத்து உண்மையைக் கட்டியெழுப்பியதில் தமிழ்நாடு மறக்கக் கூடாத பெயர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது மாநிலத் தடயவியல் துறையின் இயக்குநர் அவர். சிதறிக் கிடந்த நீல டெனிம் துண்டுகளையும் பச்சை உடையின் கிழிசல்களையும் பொறுக்கிச் சேர்த்து, குண்டு கூடையிலோ மாலையிலோ இல்லை, ஒரு பெண்ணின் உடலில் பட்டையாகக் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார். புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் மிஞ்சிய 10 படங்களைப் பற்றி ஊரே பேசியது. அந்தத் துணித் துண்டுகளைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. 1849இல் சென்னையில் ரசாயனப் பரிசோதகர் அலுவலகமாகத் தொடங்கிய ஒரு துறையின் வரலாற்றில் அது எவ்வளவு பெரிய வேலை என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை. சாயக் கழிவு கலந்து கெட்டுப்போன நொய்யல் ஆற்றின் கதை எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்று ஆகிவிட்டது. நான் பார்க்கப் போனது வேறொன்றை. லோடிங் மேடை அருகே நின்றிருந்த ஒரு தொழிலாளியின் இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை சிவப்பு. நகக்கண்ணிலெல்லாம் சிவப்பு. வேறு ஊரில் இந்தக் கைகளோடு ராத்திரி ஒரு தெருவில் நடந்தால் என்ன நடக்கும்!

இந்த ஊரில் ரத்தம்போலத் தெரிவதெல்லாம் ரத்தமில்லை. அதனால் முதற்கட்டப் பரிசோதனை அவசியமாகிறது. பீனால்ப்தலினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வைத்துச் செய்யும் சோதனையில் ரத்தம் பட்ட பஞ்சு ரோஜா நிறமாகும். ஆனால் வரிசை முக்கியம். பெராக்சைடு விடும் முன்பே நிறம் மாறினால் அங்கே ரத்தமில்லாத வேறு ஏதோ ரசாயனம் வேலை செய்கிறது என்று அர்த்தம். இருட்டில் லூமினால் தெளித்தால் கழுவிய ரத்தக் கறையும் நீலமாக ஒளிரும். ஹைப்போகுளோரைட் பிளீச்சும் அதேபோல் ஒளிரும்! பிளீச்சிங் வாடை அடிக்கும் ஒரு சந்தில் லூமினாலை மட்டும் நம்பினால் சாக்கடையெல்லாம் கொலைக்களமாகத் தெரியும். பிளீச் நன்றாகக் காய்ந்துபோனால் அந்த ஒளி மங்கிவிடும் என்பதால் சில நேரம் காத்திருப்பதே சோதனையின் பகுதியாகிறது. எப்படியும் முதற்கட்டச் சோதனை என்பது சந்தேகத்தைச் சொல்வதுதான். அது மனித ரத்தமா, யாருடையது என்பதை ஆய்வகமும் டிஎன்ஏவும்தான் சொல்ல வேண்டும்.

சாயத்தில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிடுகிறது. அதைக் கரைத்துப் பிரித்தெடுப்பது கஷ்டம். அதனால் இழையின் மேலேயே ஒளியைப் பாய்ச்சி, அது எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று நுண்நோக்கி வழியாக அளக்கிறார்கள். சாயப்பட்டறைக்காரர்களின் தீராத தலைவலி ஷேடு மாறுவது. ஒரே கலர், ஒரே ரெசிபி, ஆனால் லாட்டுக்கு லாட் ஒரு சின்ன வித்தியாசம் வந்துவிடும். பையர் திருப்பி அனுப்புவதும் இதற்காகத்தான். ஏற்றுமதிக்காரருக்கு நஷ்டமான அந்த வித்தியாசம் இரண்டு சிவப்பு இழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. வெள்ளைப் பஞ்சு வாய் திறக்காத ஊரில் சாயம் ஏறிய இழை பேசக்கூடும்.

ஆனால் அது அங்கே தங்கியிருக்க வேண்டும். 1970களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், ஒரு உடையிலிருந்து இன்னொரு உடைக்கு மாறிய இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் முதல் 4 மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடுவதைக் காட்டின. ஷிப்டு முடிவதற்குள் தடயத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன். பனியன் கம்பெனிகள் குறைந்து விசைத்தறிச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பிறகு கோழிப்பண்ணைகள், தென்னந்தோப்புகள், நடுவில் தனியாக நிற்கும் தோட்டத்து வீடுகள். பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. 2024 நவம்பர் கடைசியில் இந்த வட்டாரத்துச் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் இப்படியொரு வீட்டில் வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தனியாக இருந்த ஒரு முதிய தம்பதி. தோட்டத்து வீடுகளில் இன்றைக்கும் பெரியவர்கள் இருட்டியதும் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். கடைவீதிக் கொலைக்குக் கேமராவும் கூட்டமும் சாட்சி. தோட்டத்தில் மண்ணும் செருப்புத் தடமும் கதவுப்பிடியும்தான். விடிந்ததும் சொந்தபந்தம், ஊர்ச்சனம், அதிகாரிகள், கேமராக்காரர்கள் என்று அத்தனை பேரும் அந்த மண்ணை மிதிக்கிறார்கள். துக்கத்தில் ஓடிவருபவரை யார் தடுப்பது? ஆனால் யாராவது தடுத்தே ஆக வேண்டும். அந்தக் கடமை முதலில் வந்து சேரும் கான்ஸ்டபிளுடையது. அவருக்குக் கொடுக்கப்படும் பயிற்சியில்தான் பாதி வழக்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பல்லடத்தில், தடயவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “முதல்ல உள்ள போறவன் கை ரெண்டையும் பின்னால கட்டிக்கணும் தம்பி. கண்ணு மட்டுந்தான் போகணும்” என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மூன்றாக மடித்து, இரண்டு ஓரங்களையும் உள்ளே செருகி, நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம்போல ஒன்றைச் செய்து காட்டினார். இழை, முடி, மண் எல்லாம் முதலில் இதற்குள். அதன் பிறகுதான் கவர். கவரின் மூலை இடுக்கில் ஒரு இழை சிக்கினால் தேடி எடுக்க முடியாது என்றார்.

ரத்தம் பட்ட துணியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி ஸ்டேஷனில் வைத்துவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்த வேண்டும். ஃபேன் போடக் கூடாது, ஒட்டியிருக்கும் இழை பறந்துவிடும். ஒவ்வொரு துணியும் தனித்தனி. மடிக்கும்போது கறை இன்னொரு பக்கத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் சுத்தமான தாள். காலர், கைமடிப்பு, இடுப்பு எலாஸ்டிக் ஆகிய இடங்களை விரலால் தொடக் கூடாது. போட்டிருந்தவரின் தோல்செல்கள் அதிகம் உரசித் தங்குவது அங்கேதான். கடைசியில் துணிப்பொட்டலமாகக் கட்டி அரக்கு சீல், சாட்சிகளின் கையெழுத்து ஒட்டிய சீட்டு, மகஜரில் பதிவு. படிவம் 95 வழியாக நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து மாஜிஸ்திரேட்டின் கடிதத்தோடு கோவை வட்டார ஆய்வகத்துக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு நாளுக்குக் கணக்கு இல்லையென்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கை வைப்பார். வைக்கவும் வேண்டும். அப்பாவி ஒருவர் கூண்டில் நின்றால் அவரைக் காப்பாற்றப்போவதும் அதே சங்கிலிதான்.

எழுந்திருக்கும்போது ஒரு விஷயம் சொன்னார். பட்டறைகளில் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் வாங்கிவைக்கிறார்கள் அல்லவா, எங்கேயோ ஒரு சம்பவ இடத்தில் அப்படியொரு துண்டு கிடந்தால் அதில் பத்துப் பதினைந்து நிறத்தில் இழை இருக்கும். மூட்டையில் கூடக் கிடந்த மற்ற துணிகளிலிருந்து வந்தவை. திருப்பூரைத் தெரியாத ஆய்வாளர் பத்துப் பேர் வந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்!

குடிமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். தெற்கே மலை தெரிய ஆரம்பிக்கிறது. உடுமலை பஸ் நிலையத்தில் இறங்கினால் வழக்கமான கடைவீதிதான். பேக்கரி, செல்போன் கடை, ஜவுளிக்கடை, இளநீர் வண்டி. 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொமரலிங்கத்துச் சங்கரும் அவர் மனைவி கௌசல்யாவும் இங்கே துணி எடுக்க வந்தார்கள். சங்கர் தலித், பொள்ளாச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், 22 வயது. கௌசல்யா வேறு சாதி. 2015 ஜூலையில் பழனியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பைக்கில் வந்தவர்கள் நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, இருவரையும் அரிவாளால் வெட்டினார்கள். சங்கர் கோவைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். தலையில் வெட்டுப்பட்ட கௌசல்யா பிழைத்து, கூண்டேறித் தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார்.

பக்கத்துக் கடையின் கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம். தமிழ்நாடே பார்த்தது. நான் நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் இன்று திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. ஆனால் அன்று அந்தக் கேமரா அங்கே இருந்தது கல்லாவையும் வாசலையும் பார்த்துக்கொள்ளத்தான்.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிபதி அலமேலு நடராஜன் தீர்ப்புச் சொன்னார். கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு. தாயும் இன்னும் இருவரும் விடுதலை. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. சதி நிரூபிக்கப்படவில்லை என்றது. நேரில் வெட்டியவர்கள் ஐவரின் தூக்கு ஆயுள் தண்டனையானது.

இந்த இடத்தில்தான் லோகார் சொன்னதன் எல்லை தெரிகிறது. தொட்டவன் தடயம் விடுவான். சொல்லி அனுப்பியவன் யாராக இருந்தாலும் அவன் அந்தச் சாலையைத் தொடுவதே இல்லை. கேமரா கைகளைக் காட்டும். அந்தக் கைகளுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்பதற்குப் பணம் போன வழி, போன் அழைப்புகள், யார் எங்கே சந்தித்தார்கள் என்பதற்கான சாட்சி எல்லாம் வேறொரு வகையான சேகரிப்பில் வர வேண்டும். அதில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததில் மாட்டியிருக்க வேண்டும். ஆணவக் கொலைகளில் இந்த இரண்டாவது சேகரிப்புத்தான் பெரும்பாலும் பலவீனமாக இருக்கிறது என்பது என் ஆதங்கம். வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுகிற அதே வேகத்தில் அந்தத் தேடலும் தொடங்க வேண்டும்.

கேமரா இருந்துவிட்டால் போதும் என்பதும் இல்லை. இன்னொரு ஆணவக் கொலையில், 2015 ஜூனில் கொல்லப்பட்ட இளைஞர் கோகுல்ராஜின் வழக்கில், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமராக்களில் அவர் கடைசியாகத் தெரிந்தார். ரயில் பாதையில் கிடைத்த உடலை முதலில் தற்கொலை என்று தோன்றும்படி விட்டிருந்தார்கள். படத்தில் அவரோடு இருந்ததாகச் சொல்லப்பட்ட பெண், நீதிமன்றத்தில் அது தான் இல்லை என்றார். படம் மட்டும் மாறவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023இல் திருச்செங்கோட்டுக்கே வந்து கோயிலை நேரில் சுற்றிப் பார்த்தார்கள். படத்தில் தெரியும் வாசல் எது, கேமரா எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதினார்கள். முதன்மைக் குற்றவாளியின் தண்டனை உறுதியானது. கொங்கு வட்டாரத்தில் நீதிக்காக நடந்த பயணங்களில் இதை மிக உயர்ந்ததாக நினைக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும், சேகரிப்பை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதற்குத் தயாராக 5 ஆண்டு வரை அவகாசம். சேமலைக்கவுண்டம்பாளையம்போன்ற ஒரு தோட்டத்துக்கு நிபுணர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்வார்? இழை உதிரும் அந்த 4 மணி நேரத்துக்குள் வரவேண்டுமானால் ஆட்களும் வண்டியும் கோவையில் இருந்தால் போதாது. பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் இருக்க வேண்டும்.

உடுமலையில் கேமரா மாட்டித்தரும் கடை வைத்திருக்கும் ஒரு இளைஞரிடம் கேட்டேன், போலீஸ் வந்து படம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று. “இப்பல்லாம் ஹார்ட் டிஸ்க்கையே சீல் வெச்சு எடுத்துட்டுப் போயிடறாங்கண்ணா. சர்ட்டிபிகேட்ல கையெழுத்து வாங்கறாங்க, ஹேஷ் நம்பர் போடறாங்க” என்றார். மின்னணுச் சாட்சியத்துக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் அது. 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது, 2020இல் மறுபடி உறுதிசெய்தது. பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் எண் மாறிவிடும். பிறகு கடையிலிருந்த ஒரு டிவிஆரைக் காட்டினார். திரையில் ஓடிய மணி அவர் செல்போன் மணியைவிட ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. பேட்டரி பழசானால் இப்படி ஆகும், யாரும் சரிசெய்ய மாட்டார்கள் என்றார். படத்தை எடுப்பதற்கு முன் அந்த ஏழு நிமிடத்தை மகஜரில் எழுதிவைக்கும் அதிகாரியும் உண்டு, எழுதாமல் போகிறவரும் உண்டாம். எழுதாமல் விட்டால் போன் டவர் காட்டும் நேரமும் கேமரா காட்டும் நேரமும் நீதிமன்றத்தில் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும். “ரெண்டு மணியையும் ஒரே போட்டோவுல வர்ற மாதிரி எடுத்துக்கங்கன்னு நானே சொல்லீருவேன்ணா” என்றார் அந்தத் தம்பி.